நெய்யின் பரீட்சை

சென்னை ராஜதானியில் 1918-ஆம் ஆண்டிலேயே கலப்படத் தடைச் சட்டம் பிறந்துவிட்ட போதிலும், வனஸ்பதி கடைத்தெருவுக்கு வந்து நெய்யென்ற நாமத்தில் விலைபோகத் தொடங்கிய பின்னர், நாவையும் நாசியையும் நம்பியிருந்த பழைய பரீட்சைகள் பயனற்றுப் போயின. அப்போது அரசினர் கண்ட உபாயம் விசித்திரமானது: வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்த்தே தீரவேண்டுமென்று விதித்தார்கள். உருக்கிய நெய்யுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சில துளி பர்ஃப்யூரல் திராவகமும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெயின் சம்பந்தம் இருக்குமாயின் அமிலம் செவ்வண்ணம் கொள்ளும். பௌடாயின் சோதனை எனப்படும் இது, திருடனே தன் அடையாளத்தைச் சுமந்துவரச் செய்த யுக்தி. ஆவியாகும் கொழுப்பமிலங்களை அளக்கும் ரைஷர்ட்-மைஸ்ல் எண்ணோ இத்தனை நேர்மையானதன்று. பருத்திக்கொட்டை தின்ற பசுவின் சுத்தமான நெய்யும் அதில் தாழ்ந்து நின்று, நிரபராதியான இடையன் குற்றவாளியாகத் தோன்றக்கூடுமாதலால், பருத்தி விளையும் பிரதேசங்களுக்குத் தனி அளவு வகுக்க நேர்ந்தது.