பாட்டனார் வீட்டுப் பிள்ளை

கண்டி இராச்சியத்தில் ஒரு பிள்ளை யாருக்குரியது என்னும் வினாவுக்கு விடை, அதன் பெற்றோர் எந்த வீட்டில் குடியிருந்தனர் என்பதிலேயே பெரும்பாலும் அடங்கியிருந்தது. மனைவி கணவன் வீடு புகுந்தால் அது தீக விவாகம். கணவன் மனைவி வீடு புகுந்தால் அது பின்ன விவாகம். பின்ன மாப்பிள்ளையின் நிலை இரங்கத்தக்கது. மாமனார் போ என்றால் போகவேண்டியதுதான். கைத்தடி, தாளிப்பனை ஓலை, தீப்பந்தம் ஆகிய மூன்றையும் அவன் வாயிலருகே ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்பது வழக்கு. அவன் போய்விடுவான், பிள்ளைகளோ தாயோடும் பாட்டன் பாட்டியோடும் அங்கேயே வளர்வர்.

1660 முதல் 1679 வரை கண்டியரசனின் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேறொரு முறையைக் குறிக்கிறார். கணவனும் மனைவியும் பிரிந்தால் ஆண்மக்கள் தந்தைக்கு, பெண்மக்கள் தாய்க்கு. பாகப்பிரிவினை போன்ற இதில் பிள்ளையின் மனத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதனினும் நுட்பமானது முல்கெதர எனப்படும் மூலவீட்டின் உரிமை. தீகமாகச் சென்ற மகள் தந்தையின் காணியிற் பங்கு இழப்பாள். ஆனால், தன் பிள்ளையொன்றை மூலவீட்டிலே பாட்டியின் கையில் வளரவிட்டால், அவள் அவ்வீட்டின் தொடர்பை அறுக்கவில்லை என்பதற்கு அது சான்றாக நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்பட்டது. உடுநுவரையிலோ யட்டிநுவரையிலோ பேரனுக்குச் சோறூட்டிய பாட்டி, அறிந்தோ அறியாமலோ, மகளின் வயற்பங்கையும் காத்துவந்தாள். தாய்மாமன்மார் சிலருக்கு அக்குழந்தை கண்ணில் விழுந்த தூசாயிருந்ததில் வியப்பில்லை.

1815ஆம் ஆண்டு உடன்படிக்கை கண்டியர் சட்டங்களைப் பேணுவதாக வாக்களித்தது. எனினும், அச்சட்டம் மௌனமாயிருக்கும் இடங்களில் கரையோர மாகாணங்களின் சட்டத்தைக் கைக்கொள்ளலாம் என்று 1852ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் விதித்தது. அவ்வழியே உரோமன் டச்சுச் சட்டம் மலைநாட்டில் நுழைந்தது. அதன்படி தந்தையே இயற்கைப் பாதுகாவலர், அவருக்குப்பின் தாய். பாட்டனும் பாட்டியும் மூன்றாந் தரப்பினர். தாயிழந்த சிசுவை ஐந்தாறு ஆண்டு வளர்த்த பாட்டியிடம், மறுமணஞ் செய்த தந்தை வந்து பிள்ளையைக் கேட்டால், அவள் அன்பை மட்டும் காட்டுதல் போதாது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ கேடுண்டென நிறுவவேண்டும்.

யாழ்ப்பாணத்தார்க்கு இது விந்தையாகத் தோன்றும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, மனைவியை இழந்தவன் மறுமணஞ் செய்ய விரும்பினால், சிறுபிள்ளைகளைப் பெரும்பாலும் அவளுடைய பெற்றோரே ஏற்று வளர்ப்பர் என்றும், அவளுடைய சீதனத்தையும் அவர்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் கூறுகிறது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர்க்கோ கண்டியச் சட்டமும் இல்லை, தேசவழமையும் இல்லை, பொதுச் சட்டமே.

காணிக்கும் பிள்ளைக்குமிடையே இருந்த முடிச்சை 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அவிழ்த்தது. அதன்பின் நடந்த விவாகம், தம்பதியர் எங்கே குடியிருந்தாலும், வாரிசுரிமையைப் பொறுத்தவரை பின்னமாகவோ தீகமாகவோ தொடங்கியபடியே நிற்கும். மூலவீட்டில் வளரும் குழந்தையால் இனி ஒரு வயலும் கைமாறாது. பாட்டியின் பக்கத்தில் எஞ்சியது வளர்த்த உறவு ஒன்றே.

அவ்வுறவுக்குச் சட்டம் மெல்ல மெல்லவே செவிசாய்த்தது. 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் குடும்ப நீதிமன்றங்களுக்கு வகைசெய்தது. 1991இல் இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. தாய் மேற்காசியாவுக்கு வேலைக்குச் செல்ல, பாட்டியிடமே வளர்ந்த பிள்ளைகள் இன்று மலைநாட்டில் பலர். அத்தகைய பிள்ளையைப் பற்றிய வழக்கில், எந்தப் பள்ளியிற் படிக்கிறது, இரவிற் காய்ச்சல் கண்டால் யார் விழித்திருக்கிறார், யாரோடிருக்க விரும்புகிறது என்பனவும் இப்போது வினவப்படுகின்றன.