வளர்ந்த நாயையும் வீட்டிலேயே பழக்கலாம்

வளர்ந்த நாய்க்கு இனிப் பழக்கம் வராது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. குட்டியைவிட வளர்ந்த நாயால் கூடிய நேரம் கவனிக்க முடியும். பழக்குவதற்குத் தடையாக இருப்பது பல நேரங்களில் வயதல்ல, பயம். அடிபட்டு வளர்ந்த நாயும், வெடிச்சத்தத்துக்கு ஒடுங்கும் நாயும் சொல் கேளாமல் இருப்பது அடத்தினால் அல்ல. போரைக் கடந்து வந்த எங்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறேன். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச்சென்ற ஊர்நாய் இப்போது எங்களுடையது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு நாயின் பழக்கம் சிறிய விடயம் அல்ல. இரவெல்லாம் குரைத்தாலோ, வீதியில் போகிறவர்மீது பாய்ந்தாலோ முறைப்பாடு வீட்டுச் சொந்தக்காரரிடம் போகும். பிறகு நாயை விடுவதா, வீட்டை விடுவதா என்ற கேள்வி வரும். வன்னியில் இடம்பெயர்ந்தபோது நாயை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் அந்த நிலைமைக்கு இன்னொரு முறை போக விரும்பமாட்டார்கள்.

கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் மோப்பநாய்ப் பிரிவு இருக்கிறது. சோதனைச் சாவடிகளில் பொதிகளை மோந்த நாய்களை எங்களில் பலர் அச்சத்தோடு பார்த்திருக்கிறோம். வடக்கில் மிதிவெடி தேடும் பணியிலும் நாய்கள் ஈடுபட்டன. வெடிமருந்தின் மணத்தைத் தேட நாய்க்குக் கற்பிக்கும் அடிப்படை எளிமையானது: சரியாகச் செய்த உடனே பந்து அல்லது தீனி கொடுப்பது. அடித்து அந்த வேலையை வாங்க முடியாது. வீட்டிலும் இதே முறைதான்.

தொடங்குமுன்

சாப்பாட்டுக்கு முன், பசி இருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் பழக்குங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். அவித்த கோழி இறைச்சி அல்லது முட்டையை விரல் நகம் அளவுக்கு வெட்டி வையுங்கள். சொன்னதைச் செய்த மறுகணமே கொடுக்கவேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்கு விளங்காது.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பாவிக்கவேண்டும். கண்டியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்களத்தில் 'வாடி வென்ன' என்றால் உட்காருவது. சிங்கள வீட்டில் வளர்ந்த பெண்நாயை நாங்கள் செல்லமாக 'வாடி' என்று கூப்பிட்டால் அது வராமல் உட்காரக்கூடும். முன்பு எந்த மொழி கேட்டு வளர்ந்தது என்று விசாரித்துவிட்டுச் சொற்களைத் தெரிவு செய்யுங்கள்.

நான்கு சொற்கள்

இரு: தீனியை மூக்குக்கு மேலே பிடித்து மெதுவாகப் பின்பக்கம் நகர்த்துங்கள். தலை உயரும்போது பின்பகுதி தானாகத் தாழும். உட்கார்ந்தவுடன் கொடுங்கள். சில நாட்களில் கை அசைவுடன் சொல்லையும் சேருங்கள்.

வா: நீண்ட கயிற்றில் கட்டி, வளவுக்குள் சில அடி தூரத்திலிருந்து கூப்பிடுங்கள். வந்தால் எப்போதும் நல்லதே நடக்கவேண்டும். கூப்பிட்டுவிட்டு ஏசுவதோ, அடிப்பதோ, உடனே சங்கிலியில் கட்டுவதோ கூடாது. வாகனம் நிறைந்த வளைவு வீதிகளில் நாயின் உயிரைக் காப்பாற்றும் சொல் இதுதான்.

நில்: உட்கார வைத்து ஓரடி பின்னே போய்த் திரும்பி வந்து தீனி கொடுங்கள். தூரத்தையும் நேரத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். எழுந்துவிட்டால் ஏசாமல் பழைய தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

விடு: வாயில் கவ்வியதைப் பிடுங்காதீர்கள். அதைவிட நல்ல ஒன்றை மூக்கருகே காட்டுங்கள். விட்டவுடன் கொடுங்கள்.

நடக்கும்போது கயிற்றை இழுத்தால் நீங்கள் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்த பிறகு நடவுங்கள். இழுத்தால் வழி கிடைக்காது என்பதை நாய் கற்றுக்கொள்ளும்.

வெடிச்சத்தம்

எசல பெரஹரா காலத்திலும் சித்திரை வருடப்பிறப்பிலும் தீபாவளியிலும் கண்டியில் வெடியும் பறையொலியும் அதிகம். அந்த நாட்களில் புதிதாக ஒன்றும் பழக்க வேண்டாம். உள்ளறையில் பழைய சாக்கு விரித்து, கதவு யன்னலை மூடி, ஒளிந்துகொள்ள இடம் விடுங்கள். கட்டிலுக்குக் கீழே போனால் இழுத்து எடுக்காதீர்கள். அருகில் வந்தால் தடவிக் கொடுக்கலாம். அதனால் பயம் கூடாது. மற்ற மாதங்களில் வெடிச்சத்த ஒலிப்பதிவை மிகக் குறைந்த ஒலியில் போட்டுத் தீனி கொடுங்கள். நாய் அமைதியாக இருந்தால் மட்டும் ஒலியைச் சிறிது கூட்டுங்கள்.

சாதுவான நாய் திடீரென்று உறுமினாலோ கடித்தாலோ பழக்குவதை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காது நோவும் மூட்டு நோவும் கூட அப்படி வெளிப்படும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துடன் இணைந்த போதனா வைத்தியசாலை கண்டியிலிருந்து அதிக தூரம் இல்லை. விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வருடந்தோறும் போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். அயலவர் கேட்டால் காட்டவும், வீடு மாறும்போது நாயையும் கூட்டிப்போகவும் அது உதவும்.