பைக் சைலன்சரை வீட்டிலேயே செய்யலாமா? சத்தம் கூடினால் பவர் கூடுமா?

பைப்பை வெட்டி, வெல்டிங் வைத்து, சொந்தமாக ஒரு சைலன்சர்! பைக் பிரியர்கள் பலருக்கும் இருக்கும் ஆசை இது. செய்வது முடியாத காரியம் இல்லை. ஆனால் அந்த பைக் ரோட்டுக்கு வந்தால்தான் சிக்கலே.

சைலன்சரின் வேலை என்ன?

அது வெறும் புகைக்குழாய் இல்லை. எஞ்சின் வால்வு திறக்கும்போதெல்லாம் சூடான புகை ஓர் அழுத்த அலையாகக் கிளம்பும். பைப் முடியும் இடத்தில் அந்த அலை திரும்பி வரும். சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையையும் வெளியே இழுத்துவிடும். அதனால்தான் பைப்பின் நீளமும் அகலமும் எஞ்சினுக்கு ஏற்ப கணக்கிடப்படுகின்றன.

சத்தம் கூடினால் பவர் கூடுமா?

கட்டாயம் இல்லை. பைப் ரொம்ப அகலமானால் புகையின் வேகம் குறையும். டிராஃபிக்கில் தேவைப்படும் இழுவை போய்விடும். மிஞ்சுவது சத்தம் மட்டும்தான்.

வீட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

எஞ்சினோடு பொருந்தும் ஃபிளேன்ஜ், வளைத்த பைப், துளையிட்ட உள்குழாய், அதைச் சுற்றி கண்ணாடி இழை, வெளியே உருளை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை டிக் வெல்டிங் செய்யும்போது பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் வாயு செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகி, வெல்டு பலவீனமாகும். ஜிஐ பைப் வேண்டவே வேண்டாம். அதை வெல்டிங் செய்தால் வரும் துத்தநாகப் புகை, காய்ச்சலையும் குளிர் நடுக்கத்தையும் உண்டாக்கும்.

பிஎஸ்6 பைக் என்றால்?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி அமலில் உள்ளது. இந்த பைக்குகளின் எக்ஸாஸ்டில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும். அதைக் கழற்றினால் கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் அப்படியே வெளியேறும். வெல்டிங் சரியில்லாமல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் காற்று கசிந்தால், பெட்ரோல் போதவில்லை என்று இசியு தப்புக்கணக்கு போட்டு கூடுதலாக ஊற்றும். மைலேஜ் அடிவாங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

* மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது.
* பிரிவு 182ஏ(4): மீறும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும்.
* பிரிவு 190(2): ஒலி, காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியும் 3 மாதம் போகும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரை, அமைப்பு மாறாமல் அடைத்துக்கொள்வது பழுதுபார்ப்பு. உள்ளே இருக்கும் தடுப்புகளை வெட்டி எடுப்பதுதான் பிரச்னை. சொந்தமாகச் செய்தே ஆக வேண்டும் என்றால், ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் பைக்குக்குச் செய்யலாம். அதையும் டிராக் வரை வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். ரோட்டில் ஓட்டிச் செல்லக் கூடாது. கழற்றிய ஒரிஜினல் சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பைக் மறுபடி ரோட்டுக்கு வர அதுதான் வேண்டும்.