வீடு கேரளத்தில், சிகிச்சை தமிழ்நாட்டில்: ஆட்டிசம் குழந்தைகளுக்கான உதவி எந்தப் பக்கம் கிடைக்கும்?

மூணாறிலிருந்து தேனிக்கும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கும் குழந்தையை அழைத்துப் போகும் பெற்றோர் உண்டு. டாக்டரிடம் தமிழிலேயே பேசலாம் என்பது ஒரு காரணம். அரசு உதவியைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொன்னால், சான்றிதழ் எல்லை தாண்டும். மாநில அரசின் உதவித்தொகை தாண்டாது.

சான்றிதழ் எங்கே வாங்குறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் விண்ணப்பிக்கலாம். குழந்தை சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்க விதிகள் இடம் தருகின்றன. சட்டத்தின் 58-வது பிரிவுப்படி இந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். ஆனால் பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீத பாதிப்பு பதிவாகியிருக்க வேண்டும்.

எது இரு பக்கமும் செல்லும்?

மத்திய அரசின் 'நிரமயா' காப்பீடு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவும் இதில் அடங்கும். முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு பில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். அதனால் ஒரு ரசீதையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும் இந்தச் சட்டம் தரும் உரிமைதான். இதற்கும் 40 சதவீத வரம்பு உண்டு.

கேரளத்தில் மட்டும் கிடைப்பது?

கடுமையான பாதிப்புள்ளவர்களை வீட்டில் பராமரிப்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் மாதம் 600 ரூபாய். நிலுவை விழுந்த காலங்கள் உண்டு. இதை நம்பி மாதச் செலவைத் திட்டமிட வேண்டாம். புதிய விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று ஐசிடிஎஸ் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பள்ளிக் குழந்தை என்றால் பிஆர்சி-யில் உள்ள சிறப்பு ஆசிரியரைப் பாருங்கள்.

சான்றிதழ் இன்னும் வரலையே?

காத்திருக்க வேண்டாம். பேச்சு தாமதம், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது போன்றவை தெரிந்தால், அங்கன்வாடி அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு (டிஇஐசி) அனுப்பச் சொல்லுங்கள். 18 வயது வரை பரிசோதனை இலவசம்.

மலையாளம் எழுதத் தெரியாதே?

கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தனி உரிமை தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்; பதிலும் தமிழில்தான் தர வேண்டும். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.