கொள்ளைநோய்க் காலத்துக் கருணை: சிப்ரியானின் எட்டாம் அதிகாரம் குறித்து ஓர் ஆராய்ச்சி

மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமப் பேரரசெங்கும் பரவிய கொள்ளைநோயின்போது கிறிஸ்தவ சபையார் பிணியாளருக்கு ஆற்றிய பணிவிடையை ஆராயப் புகுவோர், சமூகவியலறிஞர் ரோட்னி ஸ்டார்க் 1996-இல் வெளியிட்ட ‘கிறிஸ்தவத்தின் எழுச்சி’ என்னும் நூலைக் கடந்து செல்வது அரிது. உணவும் நீரும் கொடுத்து உடனிருப்பதனாலேயே, மருந்தின் துணையின்றி, சாவை மூன்றில் இரண்டு பங்களவு குறைக்கக்கூடும் என்றும், ஆகவே கிறிஸ்தவர் பிறரினும் மிகுதியாக உயிர்பிழைத்தனர் என்றும், அவர்கள் பராமரிப்பில் பிழைத்தெழுந்த அயலாரும் சபையை நாடினர் என்றும், பத்தாண்டுக்கு 40 விழுக்காடு என்று தாம் மதிப்பிட்ட வளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம் என்றும் அவர் வாதிக்கிறார். வாதம் தெளிவானது, பணிவிடை செய்தோரில் பலர் மாண்டதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும், கருணையை அது ஈட்டித் தந்த பலனைக் கொண்டு விளக்கும் இம்முறையை என்னால் ஏற்க இயலவில்லை. சவங்களின் நடுவே நின்று பேசிய ஒருவருடைய சாட்சியம் இதற்கு இடம் தரவில்லை.

கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் 252-ஐ ஒட்டி இயற்றிய ‘மரணத்தைப் பற்றி’ என்னும் சிறு நூலின் எட்டாம் அதிகாரத்தையே இங்குக் கருதுகிறேன். நோய் விசுவாசிகளையும் மற்றோரையும் ஒருபடித்தாகவே வாரிக்கொண்டு போகிறதே என்று சபையாரில் சிலர் மனங்கலங்குவதை அவர் அங்கே எடுத்துரைக்கிறார். அதை மறுத்து, ‘நம்மவர் அதிகம் பிழைக்கவில்லையா?’ என்று கேட்டிருந்தால் பிரசங்கத்துக்கு எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்! அவரோ முறையீட்டை அப்படியே ஒப்புக்கொள்கிறார். நிலம் பொய்த்தால் பஞ்சம் ஆள்பார்த்து வருவதில்லை. பகைவர் நகரைப் பிடித்தால் சிறைப்படுவோர் எல்லாரும்தாம். கப்பல் பாறையில் மோதினால் அதில் ஏறியவர் அனைவருக்கும் அழிவு ஒன்றே. இவ்வுலகில் இருக்குமட்டும் உடலின் துன்பங்களும் அவ்வாறே பொது என்பது அவர் விடை. அந்த வாரத்தில்தான் தம் வீட்டாரை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கக்கூடிய மக்களிடம், அவர்களுக்கே தோன்றாத ஐயத்தை ஓர் ஆயர் வலிந்து கிளப்புவாரா? தம் கட்சிக்கு அனுகூலமில்லாத உண்மையை ஒருவர் ஒப்புக்கொள்ளும் இடத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. குடல் கழன்றோடுவதையும், தொண்டை வெந்து புண்ணாவதையும், கண்கள் குருதி கட்டிச் சிவப்பதையும், சிலருக்குக் கால்கள் அழுகிப்போவதையும் பதினான்காம் அதிகாரத்தில் விவரிப்பவர், நோயை அருகிருந்து அறிந்தவரே.

இதற்கு எதிராக ஸ்டார்க் காட்டும் வலிய சான்று, அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியுஸ் எழுதி, யூசேபியுஸின் திருச்சபைச் சரித்திரம் ஏழாம் நூலில் பாதுகாக்கப்பட்டுள்ள கடிதம். நோய் நம்மையும் விடவில்லை, எனினும் அதன் முழு வேகமும் புறமதத்தார்மீதே விழுந்தது என்று அதில் உள்ளது உண்மை. ஆனால் அது பாஸ்காத் திருநாளை முன்னிட்டு எழுதப்பட்ட திருமுகம். சபையாரைத் தேற்றித் திடப்படுத்துவதே அதன் நோக்கம். சாவு நிகழாத வீடு ஒன்றேனும் இல்லை, வீட்டுக்கு ஒன்றோடு நின்றிருந்தால் போதுமே என்று ஏங்குகிறதும் அதே திருமுகந்தான். மாண்டவர்களைக் கைகளில் ஏந்தி, கண்ணையும் வாயையும் மூடி, தோளில் சுமந்து, குளிப்பாட்டிச் சேலைசுற்றி அடக்கினோர் வெகுவிரைவில் தாங்களும் அதே சடங்கைப் பெற்றனர் என்றும், குருக்களும் திருத்தொண்டரும் அவ்வாறு மாண்டோரில் இருந்தனர் என்றும் அது கூறுகிறது. கடிதத்தின் காலமும் முடிவாகவில்லை: யூசேபியுஸ் அமைத்த வரிசைப்படி அது 260-ஐ அடுத்தது, அதைப் பத்தாண்டு முன்தள்ளுவோரும் உளர். இரண்டு நகரங்கள், இரண்டு பேச்சுச் சூழல்கள். இவற்றுள் சிப்ரியானின் சாட்சியத்தையே நான் உறுதியானதாகக் கொள்கிறேன். அலெக்சாந்திரியாவில் நிலைமை உண்மையாகவே வேறுபட்டிருக்கக்கூடும் என்பதை விலக்கிவிட முடியாது.

பிழைப்போம் என்ற எதிர்பார்ப்பு இல்லாவிடில், அவர்களை நோயாளியின் பாயருகே நிறுத்தியது எது? சிப்ரியானின் நூல் முழுதும் உயிர்த்தெழுதலைப் பற்றிய நம்பிக்கையே பேசுகிறது. பணிவிடையைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு. பதினாறாம் அதிகாரத்தில், நலமுள்ளோர் பிணியாளரைப் பேணுகின்றனரா, உறவினர் உறவினரை நேசிக்கின்றனரா, எசமானர் அடிமைகளுக்கு இரங்குகின்றனரா, வைத்தியர் கைவிடாதிருக்கின்றனரா என்று நோய் நம் உள்ளத்தைச் சோதிக்கிறது என்கிறார். செயலைப் பற்றிய விவரத்துக்கு அவருடைய சரிதத்தை எழுதிய பொந்தியுஸிடமே போகவேண்டும். நம்மவரை மாத்திரம் ஆதரிப்பதில் வியப்பொன்றுமில்லை என்று ஆயர் போதித்தார் என்றும், பொருளுள்ளோர் பொருளும், வறியோர் அதனினும் மேலான தம் உழைப்பும் அளித்தனர் என்றும் அவர் எழுதுகிறார். சிங்கத்துக்கு இரையாக்குங்கள் என்று இதே சிப்ரியானைக் குறித்துக் கூவிய ஊர் அது. 250-இல் தேசியுஸ் மூட்டிய துன்புறுத்தலின் நினைவு ஆறாத காலம் அது. பொந்தியுஸ் தம் தலைவரைப் புகழ்வதற்கென்றே எழுதியவர். அவர் சொல்லைத் தள்ளுபடி செய்தே கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டாலும், பகைவரையும் உட்படுத்திய இவ்விரக்கம் கணக்குப் பார்த்துப் பிறந்ததாகத் தோன்றவில்லை.

பிற்கால வரலாறு தெரிந்ததே. 369-இன் பஞ்சத்துக்குப் பின் செசரியாவில் பேசிலியார் நிறுவிய தருமசாலை நோயாளருக்கும் தொழுநோயாளருக்கும் புகலிடமாயிற்று. கிறிஸ்தவரின் அறச்செயலைப் பார்த்துக் கலாத்தியாவில் விடுதிகள் அமைக்குமாறு யூலியானுஸ் பேரரசர் எழுதியதாகச் சொசொமெனுஸ் தரும் கடிதத்தை ஸ்டார்க் உள்ளிட்ட பலரும் பகைவரின் சாட்சியமாக எடுத்தாளுகின்றனர். ஆனால் அது போலி என்று 2002-இல் பீட்டர் வான் நஃபெலன் வாதித்தபின் அதன்மீது பாரமேற்றுவதில் எச்சரிக்கை வேண்டும். அலெக்சாந்திரியாவில் பிணியாளரைப் பேண அமர்த்தப்பட்ட பரபலானிகளின் தொகையை 416-ஆம் ஆண்டுச் சட்டம் 500 என வரையறுத்தது. 418-இல் அது 600 ஆக உயர்த்தப்பட்டது. தியோனிசியுஸ் கண்ட பணியாளருக்கு இவர்கள் நேர் வாரிசுகள் என்ற கருத்து கவர்ச்சியானது. ஆனால் இடையில் கிடக்கும் ஒன்றரை நூற்றாண்டை இணைக்கும் ஆதாரம் அகப்படும்வரை, அதை அனுமானம் என்றே எழுதிவைப்பது முறை.