கம்பள வண்டும் ஓலைச்சுவடியும்

பீரோவில் பட்டுப்புடவையில் மட்டும் பொடிப்பொடியாக ஓட்டை, பக்கத்திலிருக்கும் வேட்டி அப்படியே இருக்கு என்றால், அது கம்பள வண்டின் வேலையாக இருக்கலாம். தின்பது வண்டு இல்லை, முடி முளைத்த அதன் புழு. பட்டு, கம்பளி, முடி, இறகு என விலங்கிலிருந்து வருவதுதான் அதன் சாப்பாடு. சுத்தமான பருத்தியைப் பெரும்பாலும் விட்டுவிடும். வளர்ந்த வண்டு பூந்தாது தேடி வெளியே போகப் பார்க்கும். அதனால்தான் ஜன்னலோரம் கண்ணில் படுகிறது.

புழுவுக்குப் பிடித்த இடம் எது? இருட்டாக, யாரும் தொடாமல் கிடக்கும் மூலை. இதைப் படித்ததும் எனக்கு உ.வே.சா. ஞாபகம் வந்தது.

1855-ல் பிறந்த உ.வே.சா. சிறுவயதில் நம்ம பக்கம் வளர்ந்தவர். அரியலூரில் சடகோபையங்காரிடம் படித்தார். பிறகு குன்னம், கார்குடி. பெரம்பலூர் பக்கம் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம். பின்னாளில் ஊர் ஊராகப் போய் ஓலைச்சுவடி தேடினார்.

ஓலையை அரிப்பது கறையானும் துளை போடும் வேறு வண்டுகளும்தான். ஆனால் குணம் ஒன்றே: அசையாத கட்டில் குடியேறும். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. அதைவிடப் பெரிய மருந்து, ஏட்டை எடுத்துப் படிப்பதும் படியெடுப்பதும். ஓலை சில நூறு வருஷம்தான் தாங்கும். நைந்துபோவதற்குள் புது ஓலையில் எழுதிவிட வேண்டும். எங்கள் தொழிலில் இதை பேக்கப் என்போம்.

1835-ல் இந்தியர் அச்சகம் நடத்த இருந்த கட்டுப்பாடு நீங்கியது. அச்சு பரவப் பரவ, ஓலையில் படியெடுப்பது நின்றுபோனது. அச்சேறியது பிழைத்தது, ஏறாதது பரணுக்குப் போனது. உ.வே.சா. 1887-ல் சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தது இந்த இடைவெளியில்தான். கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களும் உண்டு. பூச்சி தொடங்கியதை மனுஷன் முடித்துவைத்தான்.

பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வையுங்க. பீரோ மூலையைத் துடையுங்க. பரணில் ஏட்டுக்கட்டு இருந்தால் மருந்து அடிக்காதீங்க, வெயிலில் போடாதீங்க. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலோ, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ காட்டுங்க. வேறெங்கும் இல்லாத ஒரே படி அதுவாகவும் இருக்கலாம்.