மோட்டார் வண்டியைப் புறப்படுத்திய கைகள்

பெண்ணாடம் என்றவுடன் உங்களிற் பலருக்குத் திருத்தூங்கானை மாடம் என்னும் கோயிலும், மெய்கண்டார் பிறந்த ஊர் என்னும் பெருமையும் நினைவுக்கு வரும். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு தொன்மை வாய்ந்ததன்று. பெண்ணாடத்துக் கடைவீதியில் நாள்தோறும் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் வேன்கள் உள்ளனவே, அவற்றின் சாவியைப் பற்றியது.

ஓட்டுநர் சாவியைச் செருகித் திருப்புகிறார். எஞ்சின் உறுமி எழுகிறது. நொடியில் முடிந்துவிடும் இதனை நாம் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. ஆனால் இந்த ஒரு நொடி நம் நாட்டில் எளிதாக வாய்ப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்கு முன் அவ்வேலையைச் செய்தவை மனிதர்களின் கைகள். மோட்டார்த் தொழிலின் வரலாற்றில் முதலாளிகளின் பெயர் உண்டு. பொறிகளை ஆக்கியவர்களின் பெயரும் உண்டு. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் இல்லை. அவர்களை நினைவுகூர்வதே என் நோக்கம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிந்துகொள்வோம். பெட்ரோல் எஞ்சினோ டீசல் எஞ்சினோ நின்ற நிலையிலிருந்து தானாக எழ வல்லதன்று. அது முதலில் காற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதை அழுத்த வேண்டும். அதன்பின்பே எரிபொருள் தீப்பற்றி விசை பிறக்கும். அந்த முதற் சுழற்சிக்கு வேண்டிய வலிமை வெளியிலிருந்தே வரவேண்டும். கிணற்றில் நீர் நிறைந்திருந்தாலும் வாளியை யாரேனும் இறைத்தால்தான் நீர் மேலே வரும் அன்றோ? அதுபோன்றதே இதுவும்.

நீராவி எஞ்சினுக்கு இக்குறை இல்லை. கொதிகலனில் ஆவி நிறைந்துவிட்டால், அடைப்பைத் திறந்த மாத்திரத்தில் சக்கரம் நகரும். சென்னையில் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ஆம் ஆண்டில் உருவாக்கிய கார் நீராவியால் ஓடியதுதான். ஆனால் அவ்வகை வண்டிக்கு வேறொரு தொல்லை. நெருப்பு மூட்டி, நீரைக் கொதிக்க வைத்து, ஆவி சேரும் வரை காத்திருக்க வேண்டும். நீராவி வண்டி பொறுமையைக் கேட்டது. பெட்ரோல் வண்டி தோள்வலியைக் கேட்டது. உலகம் தோள்வலியையே தேர்ந்துகொண்டது.

அந்தத் தோள்வலிக்கு வண்டியின் முகப்பில் ஓர் இடம் உண்டு. ரேடியேட்டருக்குக் கீழே உள்ள துளையில், இருமுறை வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகிச் சுழற்றுவார்கள். அதனை 'ஹேண்டில் போடுதல்' என்பது நம்மவர் வழக்கு. அது வெறும் முரட்டு வேலையன்று. முறை அறிந்து செய்ய வேண்டிய வேலை. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகுந்த கலவை தேவையாதலால் 'சோக்' என்னும் காற்றடைப்பை இழுக்க வேண்டும். தீப்பொறி பிறக்கும் வேளையைத் தாமதமாக்கும் சிறு நெம்புகோல் பழைய வண்டிகளில் ஸ்டியரிங்கின் அருகே இருக்கும். அதையும் மறவாமல் நகர்த்த வேண்டும். மறந்தால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன் பொறி விழுந்து, எஞ்சின் பின்னோக்கித் திரும்பும். இரும்புக் கைப்பிடி அவ்வேகத்தில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிவதும் கட்டைவிரல் பிசகுவதும் அக்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்ட விபத்துகள். ஆகவேதான் கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற நான்கு விரல்களின் பக்கமாகவே வைத்து, கீழிருந்து மேலாக இழுக்கும்படி கற்பித்தார்கள். நூலில் படித்தறியாத அவ்விதியைத் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் கையால் படித்தார்கள்.

யார் அச்சிறுவர்கள்? டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஆம் ஆண்டில் தெற்கே பேருந்துப் பணியைத் தொடங்கினார். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1920-ஆம் ஆண்டில் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இவர்களைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் மோட்டார் முதலாளிகள் தோன்றினர். ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநருக்கு உதவியாக ஒருவன் ஏறினான். அவனைக் 'கிளீனர்' என்றார்கள். துடைப்பவன் என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால் அவன் செய்த வேலைகளுள் துடைப்பது மிகச் சிறியது. விடியுமுன் எழுந்து ரேடியேட்டரில் நீர் ஊற்றுவான், ஹேண்டில் போடுவான், மேட்டில் நின்ற வண்டி பின்னே உருளாதபடி சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பான், வண்டி பின்வாங்கும்போது கூவி வழிகாட்டுவான். ஓட்டுநரின் கையும் கண்ணும் போய்ச் சேராத இடங்களிலெல்லாம் அவன் இருந்தான்.

இனி, கடல் கடந்து ஒரு கணம் செல்வோம். அமெரிக்க நாட்டுச் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1911-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றும் கருவியை அமைத்தார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. சிறிய மோட்டார் ஒன்று. அதன் முனையில் சிறு பற்சக்கரம். அது எஞ்சினின் பெரிய விசைச் சக்கரத்தின் விளிம்புப் பற்களோடு கோத்துக்கொண்டு, சில நொடிகள் சுழற்றிவிட்டு விலகும். நாள் முழுதும் ஓடும் மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும். சில நொடி மட்டும் பெருவிசை தரும் மோட்டார் சிறிதாக இருந்தாலும் போதும். இந்த நுட்பத்தைக் கண்டதே கெட்டரிங்கின் சிறப்பு. ஸ்டார்ட்டரை இடைவிடாமல் சுழற்றலாகாது, சில நொடிகளுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்று இன்றும் ஓட்டுநர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

ஆயினும், அக்கருவி பிறந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் நம் வண்டிகளில் ஹேண்டில் மறையவில்லை. காரணம் என்னவென்று நான் பலகால் எண்ணியதுண்டு. ஸ்டார்ட்டருக்கு வலிமை மிக்க பாட்டரி வேண்டும். பாட்டரிக்கு விலை உண்டு, ஆயுள் எல்லையும் உண்டு. கிளீனரின் கையோ மலிவாகக் கிடைத்தது. மலிவான கை இருக்கும் இடத்தில் இயந்திரம் மெதுவாகவே வரும் என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்தக் கைகளின் சுமை இருமடங்காயிற்று. 1941-ஆம் ஆண்டில் பெட்ரோல் பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. வண்டிகள் கரிவாயுவுக்கு மாறின. டி. வி. எஸ். நிறுவனமே 'டி. வி. எஸ். கேஸ் பிளாண்ட்' என்னும் வாயுக் கலத்தை ஆக்கித் தந்தது. வண்டியோடு பொருத்திய இரும்பு உருளையில் அடுப்புக்கரியை நிரப்பி, அடியில் நெருப்பு மூட்டி, குறைந்த அளவு காற்றையே உள்ளே விடுவார்கள். முற்றும் எரியப் போதுமான காற்று இல்லாமையால் அங்கே கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகும். அதனைக் குளிரச் செய்து, வடிகட்டி, எஞ்சினுக்கு அனுப்புவர். பெட்ரோலில் கிடைத்த வலிமையில் மூன்றில் ஒரு பங்கேனும் இதில் குறையும். மேடு வந்தால் பயணிகள் இறங்க வேண்டியதுதான்.

இத்தகைய வண்டியைப் புறப்படுத்துவது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள். நெருப்பு மூட்ட வேண்டும். துருத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கரியைக் கனலச் செய்ய வேண்டும். வெளிவரும் வாயு தீப்பற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே ஹேண்டில். மாலையில் சாம்பலை அள்ளி, வடிகட்டியைத் துப்புரவு செய்ய வேண்டும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவோ கொடிய நஞ்சு. குருதியில் உயிர்க்காற்று ஏற வேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொண்டு, தலைவலியில் தொடங்கி மயக்கத்தில் ஆழ்த்தி உயிரையே போக்க வல்லது. அதன் அருகில் நாளெல்லாம் நின்றவன் கிளீனர்.

போருக்குப் பின் நாட்டில் மோட்டார்த் தொழில் வேரூன்றியது. 1961-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் சென்னையை அடுத்த பாடியில், ஸ்டார்ட்டர் மோட்டார் முதலிய மின்கருவிகளைச் செய்வதற்கென்று லூக்காஸ்-டி. வி. எஸ். நிறுவனம் தோன்றியது. அதே ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வேலைக்கு அது வரம்பு கட்டியது. குழந்தைகளை இத்தொழிலில் அமர்த்தலாகாது என்றது. தொழிலாளர் யார் என்று வரையறுத்த இடத்தில், ஓட்டுநர், நடத்துநர் என்பவர்களை அடுத்துக் கிளீனர் என்னும் சொல்லையும் சேர்த்தது. அவன் கையின் வேலையை ஏற்கும் கருவி இந்நாட்டில் உருவாகத் தொடங்கிய ஆண்டிலேயே, அவனைத் தொழிலாளி என்று நாடு எழுத்தில் ஒப்புக்கொண்டது.

சுழற்றும் வேலையை மின்சாரம் ஏற்றது. சூடேற்றும் வேலையையும் அதுவே ஏற்றது. ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் கொதிப்பேறிய காற்றே எண்ணெயைப் பற்ற வைக்கும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் அந்தக் கொதிப்பைச் சுற்றுச்சுவர் உறிஞ்சிவிடும். 1954-ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்பூரிலிருந்து வரத் தொடங்கிய டாட்டா-மெர்சிடிஸ் லாரியைப் போல, எண்ணெய் முதலில் ஒரு சிற்றறையில் எரியும் வகை எஞ்சின்களில் இக்குறை மிகுதி. ஆகவே அச்சிற்றறையில், மின்சாரத்தால் பழுக்கக் காயும் 'குளோ பிளக்' என்னும் வெப்பச் செருகியை வைத்தார்கள். டீசல் வேன்களின் பலகையில், சுருள் வடிவான சிறு விளக்கொன்று எரிந்து அணைவதைக் கண்டிருப்பீர்கள். அது அணைந்த பின் சாவியை மேலும் திருப்புவதே முறை. துருத்திச் சக்கரத்தின் அருகே கிளீனர் காத்து நின்ற நேரமே அந்தச் சில நொடிகளாகச் சுருங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

இவ்விடத்தில் எங்கள் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. பெண்ணாடத்தை அடுத்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அத்தொழில் நுட்பத்தைக் கற்பிக்கவே அங்கு ஒரு கல்வி நிலையம் உண்டு. பெட்ரோல் வேனின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் நடுவே உள்ள வெண்ணிறப் பகுதி பீங்கான் இனத்தைச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் வழிதவறாமல் காத்து, அடுத்தடுத்து வரும் நெருப்பையும் அது தாங்குகிறது. ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்துப் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் 1902-ஆம் ஆண்டில் உயர் அழுத்த மின்காந்தப் பொறியை அமைத்தபோது, அதற்கு இத்தகைய செருகியும் துணையாயிற்று. இன்றைய வெப்பச் செருகிகளிற் சில, கனலும் பகுதியையே பீங்கான் வகைப் பொருளால் கொண்டவை. சூளையில் வெந்த பொருள், எஞ்சினின் சூட்டிலும் நிலைகுலையாமல் நிற்கிறது.

கிளீனரின் கையை விட்டு வேலைகள் இவ்வாறு ஒவ்வொன்றாக நீங்கின. தீப்பொறியின் வேளையை எஞ்சினே திருத்திக்கொண்டது, நெம்புகோல் மறைந்தது. கார்புரேட்டர் போய், 2000-ஆம் ஆண்டையொட்டி எரிபொருளை அளந்து தெளிக்கும் முறை பரவியபோது சோக்கும் மறைந்தது. எஞ்சஞ்சிய அறிவும் முற்றும் வீணாகிவிடவில்லை. எஞ்சின் அளவுக்கு மீறிக் கொதித்தால், ஹீட்டர் உள்ள வண்டியில் அதனை முழுதும் திறந்துவிடுவர். அந்த ஹீட்டர் எஞ்சினின் வெந்நீரால் இயங்கும் ஒரு சிறு ரேடியேட்டர் ஆதலால், கொதிப்பின் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறும். நம் ஊர் வெயிலில் வேண்டாத கருவி என்று தோன்றுவது, இடர் வேளையில் எஞ்சினைக் காக்கிறது.

இம்மாறுதலில் மனித உடல் ஓய்வு பெற்றது. அது பெரும் நன்மையே. முறிந்த மணிக்கட்டுக்காகவும் நஞ்சு கலந்த மூச்சுக்காகவும் யாரும் ஏங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். கிளீனராகச் சேர்ந்தவன் எஞ்சினின் மூச்சைக் கையாலும் காதாலும் அறிந்து, நாளடைவில் ஓட்டுநராக உயர்ந்தான். பள்ளிக்குப் போக வழியில்லாத ஏழைச் சிறுவர்க்கு அதுவே தொழிற்கல்வியாக இருந்தது. கைப்பிடி மறைந்தபோது அந்த ஏணியும் மறைந்தது. அதற்கு ஈடான ஏணியைச் சமுதாயம் வேறிடத்தில் அமைத்துத் தந்ததா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

நம் ஊர்களில் பழைய மோட்டார்த் தொழிலாளர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். கரிவண்டிக் காலத்தை நேரில் கண்டவர்கள் மிக அரியர். ஹேண்டில் போட்டவர்களைக் காண்பது அவ்வளவு அரிதன்று. பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அத்தகைய முதியவர் ஒருவரைச் சந்தித்தால், அவர் எந்த வண்டியில், யாரிடம், எத்தனை வயதில் வேலை கற்றார் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். கிளீனரின் வரலாற்றை அறிய இப்போது நமக்கு எஞ்சியிருக்கும் ஆவணம் அவர்களுடைய நினைவு ஒன்றே.